சின்ன மாதிரியில் சார்பின்மைச் சோதனை சறுக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் எந்தப் படகுத்துறையிலாவது யாரோ ஒருவர் நோட்டும் பேனாவுமாக வெயிலில் நின்றால், பெரும்பாலும் அது ஒரு கல்லூரி மாணவரின் செயல்திட்டம். பத்து நாள் நிற்பார்கள். இருபது படகு, மிஞ்சினால் முப்பது. அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் மாட்டிக்கொண்டால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுதான் கதி. பிறகு அந்தத் தாளை எக்செல்லில் ஏற்றி, "இதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கா சார்?" என்று எனக்கு அனுப்புவார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சார்பின்மைச் சோதனை. கை-வர்க்கச் சோதனை என்று பாடத்தில் படித்தது இதில் ஒரு வகை. மாதிரி பெரிதாக இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும். சின்னதாக இருந்தால் என்னென்ன விதமாக மக்கர் செய்யும் என்பதை, என்னிடம் வரும் அறிகுறிகளை வைத்தே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் தெப்பத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் நானே போட்டவை. பதினாறு நாட்டுப்படகு, எட்டு கரையோரத்தில் நண்டு வலை விட்டன, எட்டு ஆழத்தில். மறுநாள் வலையை எடுத்தபோது சினை நண்டு இருந்ததா, இல்லையா?

கரையோரம்: இருந்தது 7, இல்லை 1
ஆழம்: இருந்தது 3, இல்லை 5

அறிகுறி: மென்பொருள் எச்சரிக்கிறது, அல்லது எச்சரிக்காமலே 0.04 என்கிறது

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால், கை-வர்க்கத் தோராயம் தவறாக இருக்கலாம் என்று ஒரு வரி வரும். பலர் அதைக் கொசு மாதிரி தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எக்செல்லில் அந்தக் கொசுகூட வராது. கேட்டதற்கு எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்த எண்தான் பி-மதிப்பு: தொடர்பே இல்லாவிட்டாலும் வெறும் தற்செயலில் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ சாய்ந்த தாள் வரும் வாய்ப்பு. வழக்கமாக அது 0.05க்குக் கீழே போனால்தான் "தொடர்பு உண்டு" என்பார்கள்.

முதலில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். பதினாறில் பத்துப் படகில் சினை நண்டு இருந்தது. இடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து வர வேண்டும். "இல்லை" என்பது மூன்று மூன்று. ஆக நான்கு கட்டங்களில் இரண்டில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் கீழே. புள்ளியியலாளர் காக்ரன் 1954இல் சொன்ன கைக்கணக்கு இது: பெரிய அட்டவணையில் ஐந்தில் நான்கு பங்கு கட்டங்களிலாவது 5 இருக்க வேண்டும், எதிலும் 1க்குக் கீழே போகக் கூடாது. நம்முடையது இரண்டுக்கு இரண்டு அட்டவணை, அதில் பாதி கட்டங்களே தேறவில்லை.

ஒன்று கவனியுங்கள். பார்க்க வேண்டியது எதிர்பார்க்கும் எண்ணிக்கையை, எண்ணிக் கிடைத்ததை அல்ல. "ஒரு கட்டத்தில் 1 இருக்கே சார், அதனாலதானே?" என்று கேட்பவர்கள் நிறைய. கிடைத்தது 1 ஆக இருந்தாலும் எதிர்பார்த்தது 9 என்றால் பிரச்சினை இல்லை.

ஏன் இந்தத் தொல்லை? கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்த சோதனை ஒரு வழவழப்பான வளைகோட்டை நம்பி நிற்கிறது. நம் அட்டவணையோ படிக்கட்டு. பத்து "இருந்தது", ஆறு "இல்லை", பக்கத்துக்கு எட்டு என்று வைத்துவிட்டால், கரையோரத்தின் முதல் கட்டத்தில் 2 முதல் 8 வரை ஏழே ஏழு எண்கள்தான் வர முடியும். ஏழு படியை ஒரு சரிவுப் பாதை என்று நினைத்து அளந்தால் கால் இடறத்தான் செய்யும்.

சரிசெய்யும் வழி: ஃபிஷரின் துல்லியச் சோதனை. தேநீரில் பால் முதலில் விழுந்ததா, தேநீர் முதலில் விழுந்ததா என்று குடித்துப் பார்த்தே சொல்வேன் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பை வைத்த கதை இதைச் சேர்ந்ததுதான். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பு. வளைகோடு கிடையாது, தோராயம் கிடையாது, வெறும் எண்ணிக்கை.

நம் கணக்கில் பதினாறில் எட்டைத் தேர்ந்தெடுக்க 12,870 வழி. அதில் கரையோரத்துக்கு 7 அல்லது 8 விழும் வழிகள் 720ம் 45ம், மொத்தம் 765. எதிர்த்திசையிலும் அதே 765. ஆக 1,530ஐ 12,870ஆல் வகுத்தால் 0.119. கை-வர்க்கம் சொன்னதோ 0.039. ஒரே தாள், ஒரே படகுகள். ஒன்று "தொடர்பு உண்டு" என்கிறது, இன்னொன்று கையை விரிக்கிறது.

அறிகுறி: மூன்று சோதனை, மூன்று விடை

இரண்டு நண்பர்கள் ஒரே தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டபடி வந்தார்கள். ஒருவன் எக்செல், ஒருவன் ஆர். எக்செல்காரனுக்கு 0.039, ஆர்காரனுக்கு 0.121. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் தானாகவே யேட்ஸ் 1934இல் கொடுத்த திருத்தத்தைப் போட்டுவிடும், எக்செல் போடாது. திருத்தம் போட்ட விடை ஃபிஷரின் 0.119க்கு ஒட்டி வருவதைப் பாருங்கள். அதைப் போலவே வரட்டும் என்றுதான் அந்தத் திருத்தமே.

யாரை நம்புவது என்று குழம்பினால் கணினியை மூடிவிட்டுப் பல்லாங்குழிச் சோழியை எடுங்கள். சோழி இல்லையென்றால் புளியங்கொட்டை. பதினாறு எடுத்து, ஆறில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். அவைதான் சினை நண்டு வராத படகுகள். ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எட்டை எடுங்கள். அவைதான் "கரையோரம்". பொட்டில்லாதது எத்தனை? 7, 8 வந்தாலோ 3, 2 வந்தாலோ ஒரு கோடு. திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். நூறு தடவை செய்தால் பன்னிரண்டு கோடு வாக்கில் விழும். கொஞ்சம் கூடலாம், குறையலாம். இடத்துக்கும் சினைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வெறும் குலுக்கலிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு முறை இப்படி ஒரு தாள் வரும் என்று கை அறிந்துகொள்ளும். 0.119 என்பது அதுதான். அந்த இருவரையும் திண்ணையில் உட்கார வைத்து இதைச் செய்யச் சொன்னேன். எழுபது தடவை போனதும் எக்செல்காரன் சமாதானக் கொடி காட்டிவிட்டான்.

ஃபிஷர் கொஞ்சம் கெடுபிடிக்காரர் என்பதும் உண்மை. அதைத் தளர்த்த இடைப்பட்ட பி-மதிப்பு என்று ஒரு வழி உண்டு. கிடைத்த அட்டவணையின் வாய்ப்பில் பாதியை மட்டும் சேர்ப்பது. நம் கணக்கில் அது 0.063. அதையே பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் எண்ணுவதற்கு முன்பே அதைத்தான் பயன்படுத்துவேன் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். நான்கு விடையையும் பரப்பி வைத்துக்கொண்டு சின்னதைப் பொறுக்குவது ஏலத்தில் சாயந்தர மீனைக் காலை மீன் விலைக்கு விற்கும் வேலை.

அறிகுறி: என்ன செய்தாலும் 0.05க்குக் கீழே வரவில்லை

வராது; வரவே முடியாது. பக்கத்துக்கு மூன்று படகுதான் என்றால், ஒரு பக்கம் மூன்றிலும் இருந்து, மறுபக்கம் மூன்றிலும் இல்லாமல் போனாலும், இருபுறமும் சேர்த்து ஃபிஷர் தருவது 20இல் 2, அதாவது 0.10. இதைவிடத் தெளிவான தாள் ஆறு படகில் கிடையாது. அந்தத் தாளுக்கே கதவு திறக்கவில்லை என்றால் மற்றதை ஏன் எண்ண வேண்டும்? பக்கத்துக்கு நான்கு என்றால் 70இல் 2, 0.029. அங்கேதான் கதவு முதன்முதலாகத் திறக்கிறது, அதுவும் எட்டும் சொல்லி வைத்தாற்போல் விழுந்தால்.

அரிதான விஷயத்தை எண்ணினாலும் இதே கதை. பக்கத்துக்குப் பத்து வலை. இருபதிலும் சேர்த்து நான்கில் மட்டும்தான் கடல்குதிரை சிக்கியது. நான்கும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் 0.087தான். ஆகையால் துறைக்குப் போகும் முன்பே மிக மோசமாகச் சாய்ந்த அட்டவணையைத் தாளில் எழுதி ஃபிஷரைப் போட்டுப் பாருங்கள். பஸ் காசு மிச்சம்.

அறிகுறி: மீனவர் அடித்துச் சொல்கிறார், சோதனை இல்லை என்கிறது

"நாப்பது வருசமாப் பாக்குறேன் தம்பி, கரையிலதான் சினை கூட" என்று பாம்பனில் ஒரு பெரியவர் சொல்வார். மாணவர் 0.119ஐக் காட்டி "தொடர்பு இல்லை" என்று அறிக்கையில் எழுதுவார். இங்கே தவறு மாணவருடையது.

பக்கத்துக்குப் பத்துப் படகு. உண்மையிலேயே ஒரு பக்கம் நூற்றுக்கு 30, மறுபக்கம் நூற்றுக்கு 70 என்று பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிஷர் 0.05 எல்லையில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? கூட்டிப் பார்த்தேன்: நூற்றுக்கு 24. நான்கில் மூன்று முறை இந்த வித்தியாசம் வலைக் கண்ணில் புகுந்து ஓடிவிடும். இன்னொரு பக்கம், உண்மையில் வித்தியாசமே இல்லாமல் இரண்டும் பாதிக்குப் பாதி என்றால், தவறாக "உண்டு" என்று சொல்லும் வாய்ப்பு நீங்கள் ஒப்புக்கொண்ட நூற்றுக்கு 5 அல்ல, 1.3தான். கெடுபிடிக்காரர் என்றேனே, இதைத்தான்.

சரிசெய்ய மூன்று வழி. எல்லா மொத்தங்களும் முன்பே முடிவானவை என்று ஃபிஷர் மாதிரி இறுக்காத பர்னார்டு சோதனை 1945இலிருந்தே இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் எத்தனை படகு என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்திருந்தால் அதுதான் பொருத்தம். இல்லையென்றால் மாதிரியைக் கூட்டுங்கள்: மேலே சொன்ன 30க்கு 70 வித்தியாசத்தை ஐந்தில் நான்கு முறை பிடிக்கப் பக்கத்துக்குத் தோராயமாக 28 படகு வேண்டும். இரண்டும் முடியாவிட்டால், "தொடர்பு இல்லை" என்ற சொல்லை அழித்துவிட்டு, "இந்த 16 படகை வைத்துச் சொல்ல முடியவில்லை" என்று எழுதி, இரண்டு விகிதத்தையும் அவற்றின் நம்பிக்கை இடைவெளியோடு (உண்மை விகிதம் எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்பதோடு) போடுங்கள். மூன்றாவதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிகுறி: பி-மதிப்பு நம்ப முடியாத அளவுக்குச் சின்னது

இது மற்றதைவிட ஆபத்து. ஏனென்றால் யாரும் உதவி கேட்டு வருவதில்லை. நல்ல விடை வந்தால் எதற்குக் கேட்பார்கள்? நானே கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் மண்டபம் வடகடலில் (பாக் விரிகுடா) பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்காகக் கணக்குப் பார்த்தேன். நான்கு மூங்கில் தெப்பம், தெப்பத்துக்கு 20 கயிறு. இரண்டு தெப்பம் கரைக்கு அருகில், இரண்டு தள்ளி. பாசி வெளுத்த கயிறு எத்தனை என்று எண்ணினோம். அருகில் 40க்கு 26, தள்ளி 40க்கு 11. எதிர்பார்க்கும் எண்ணிக்கை எல்லாக் கட்டத்திலும் 18க்கு மேல். காக்ரன் கேட்டால் கைதட்டுவார். கை-வர்க்கம் 11.3, பி-மதிப்பு 0.001க்கும் கீழே. தெப்பங்களைத் தள்ளிப் போடுங்கள் என்று பெரிய மனிதர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அந்தக் குழுவில் ஒரு அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அந்த ஒத்தத் தெப்பந்தான தம்பி? அதுக்கு மட்டும் விதைப்பாசி வேற ஆளுகிட்ட வாங்குனோம்" என்றார். தெப்பம் தெப்பமாகப் பிரித்துப் பார்த்தேன். அருகில் இருந்த இரண்டில் ஒன்றில் 20க்கு 19, மற்றதில் 20க்கு 7. தள்ளி இருந்தவற்றில் 6, 5. ஒரே ஒரு தெப்பத்தின் நோய், கடலின் குணமாக என் தாளில் எழுந்து நின்றிருந்தது.

நான் எண்ணியது 80 கயிறு; ஆனால் தனித்தனியாக எண்ணியது 4 தெப்பம். ஒரே தெப்பத்துக் கயிறுகள் ஒரே விதையில் வந்தவை, ஒரே தண்ணீரில் ஆடுபவை. ஒன்று வெளுத்தால் பக்கத்தில் இருப்பதும் வெளுக்கும். இரண்டுக்கு இரண்டு தெப்பம் என்று சரியாகக் கணக்கிட்டால் ஆறே வழி. என்ன நடந்தாலும் பி-மதிப்பு 6இல் 2, அதாவது 0.33க்குக் கீழே போகாது. 0.001க்கும் 0.33க்கும் நடுவில் இருந்தது என் அவசரம் மட்டும்தான். ஃபிஷரோ பர்னார்டோ இதைக் காப்பாற்ற மாட்டார்கள். அவர்கள் எல்லோருமே ஒவ்வொரு எண்ணும் தனித்தனி என்று நம்பித்தான் உள்ளே வருகிறார்கள்.

உங்கள் தாளில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ஒரு வரியை மறைத்துவிட்டு, அதற்கு மேல் வரியைப் பார்த்து மறைத்ததை ஓரளவு ஊகிக்க முடிகிறதா? ஒரே வலையில் சிக்கிய நண்டுகள், ஒரே வீட்டில் கேட்ட மூன்று பேர், ஒரே படகின் ஐந்து நாள் எல்லாம் ஊகிக்க முடிகிறவை. முடிந்தால் படகுக்கு ஒன்று, தெப்பத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று சுருக்குங்கள். சோழியைக் குலுக்குவதானாலும் கயிறுகளைக் குலுக்காதீர்கள், தெப்பங்களைக் குலுக்குங்கள்.

அறிகுறி: அதே ஆட்களிடம் முன்பும் பின்பும் கேட்டது

பயிற்சிக்கு முன் 20 பேர், பின் 20 பேர் என்று 40 ஆக எழுதிக் கை-வர்க்கம் போடக் கூடாது. அவர்கள் 20 பேர்தான். மெக்நெமார் 1947இல் காட்டிய வழி: மனம் மாறியவர்களை மட்டும் பாருங்கள். ஏழு பேர் மாறினார்கள், ஆறு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்றால் ஏழு தடவை காசு சுண்டிய கணக்குத்தான்: 128இல் 16, 0.125.

அறிகுறி: ஒரு கட்டத்தில் பூஜ்யம், விகிதம் முடிவிலி

ஃபிஷருக்குப் பூஜ்யம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பக்கத்து வாய்ப்பு மறுபக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதத்தைக் கேட்டால்தான் முடிவிலி என்று கத்தும். எல்லாக் கட்டத்திலும் அரை சேர்த்துக் கணக்கிடும் பழக்கம் உண்டு. சேர்த்ததை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். பூஜ்யத்தை "நடக்கவே நடக்காது" என்று படிப்பதுதான் பெரிய தவறு. 12 வலையில் ஒன்றிலும் ஆமை சிக்கவில்லை என்றால், உண்மை விகிதம் நூற்றுக்கு 22 வரைகூட இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில்.

அறிகுறி: வடகடலையும் தென்கடலையும் சேர்த்தால் தொடர்பு, பிரித்தால் இல்லை

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். இதை மறந்து இரண்டு கடலின் தாளையும் ஒன்றாகக் கட்டினால் வரும் வினை இது.

புது வலை வடகடலில் 10 முறை விட்டதில் 8 முறை நல்ல பாடு. பழைய வலை 5இல் 4. தென்கடலில் புதுசு 5இல் 1, பழசு 10இல் 2. ஒவ்வொரு கடலிலும் இரண்டு வலையும் அச்சாக ஒன்று. கூட்டினால் புதுசு 15இல் 9, பழசு 15இல் 6! வலைக்கு ஒரு சிறப்பும் இல்லை, அமைதியான கடலில் அதை அதிகம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரித்து வைத்தே சேர்த்துப் பார்க்கும் மேன்டல்–ஹேன்ஸல் முறை 1959இலிருந்து இருக்கிறது. ஆனால் சின்ன மாதிரியை நான்காக ஐந்தாகப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. பேசாமல் ஒரே கடலில், ஒரே காற்றுக் காலத்தில் எண்ணுவது மேல்.

அறிகுறி: ஐந்து ஊர், நான்கு வலை, முப்பது பேர்

இருபது கட்டத்துக்கு முப்பது பேர். கட்டத்துக்கு ஒன்றரை ஆள். வலைகளை இரண்டு வகையாகச் சேர்க்கலாம், ஆனால் எண்களைப் பார்த்தபின் சேர்த்தால் செல்லாது. ஆர் மென்பொருளில் குலுக்கல் முறையைக் கேட்டால், சொல்லாவிட்டால் 2,000 தடவை குலுக்கும். ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறும். பயப்பட வேண்டாம். அதே குலுக்கல் திரும்ப வர உதவும் தொடக்க எண்ணைக் குறித்து வைத்து, ஒரு லட்சம் தடவை குலுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: இருபது கேள்வியில் ஒன்று மட்டும் பளிச்சென்று வந்தது

எதற்கும் எதற்கும் தொடர்பே இல்லாத, ஒன்றையொன்று சாராத இருபது கேள்வியில் ஒவ்வொன்றையும் 0.05இல் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது பொய்யாகப் பளிச்சிடும் வாய்ப்பு நூற்றுக்கு 64 வரை போகும். தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு அப்படித்தான் நிலா நாளும் நண்டின் எடையும் மட்டும் ஒட்டின. "இருபதில் எதைக் கேட்கலாம் என்று முதலில் துறைக்குப் போனாய்?" என்றேன். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனான். முதல் பக்கத்தில் படகு எண்களும், டீக்கடைக் கணக்கும் இருந்தன.